எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடை ஏறினால் எந்த வழியில் போவது?

ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை எடை மெஷினில் ஏறி நின்றேன். மருத்துவமனையில் சேர்ந்த அன்று இருந்ததைவிட மூன்று கிலோ கூடுதலாகக் காட்டியது. நாலு நாளாகத் தண்ணீரும் தெளிந்த சூப்பும் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தாகிவிட்டது. அப்படியும் எடை ஏறுகிறது என்றால் இனி எனக்கு எதுவுமே வேலை செய்யாது என்று நினைத்தேன். அழுதேன், யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஐந்து நாள், குடிக்கச் சொன்ன அளவில் பாதியை மட்டும் குடித்தேன்.

அந்த ஐந்து நாளில் எனக்குத் தலைசுற்றல் வந்தது, மலச்சிக்கல் வந்தது. எடை மட்டும் அப்படியே நின்றது. ஆறாம் நாள் டயட்டீஷியனுக்குப் போன் செய்தபோது அவர் என் மன உறுதியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது மலம் கழித்தீர்கள், எந்த மாத்திரையை நிறுத்தினார்கள் என்று மூன்று கேள்விதான் கேட்டார். எடை ஏறியதற்கான காரணம் அந்த மூன்று பதிலிலேயே இருந்தது.

இப்படி எடை ஏறும்போது பெரும்பாலானோர் முன் நாலு வழி இருக்கிறது. பொறுத்துப் பார்ப்பது, இன்னும் குறைத்துச் சாப்பிடுவது, உடற்பயிற்சியைக் கூட்டுவது, மருத்துவக் குழுவை அழைப்பது. மாதங்கள், வருடங்கள் கழித்து ஏறினால் மருந்து, எண்டோஸ்கோப்பி, மறு அறுவை சிகிச்சை என்று வேறு வழிகளும் சேர்ந்துகொள்ளும். எது சரி என்பது எத்தனை கிலோ ஏறியது என்பதைவிட எப்போது ஏறியது, எவ்வளவு வேகமாக ஏறியது என்பதைப் பொறுத்தது.

ஏறியது என்ன?

ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் உடம்பு செலவழிப்பதற்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போயாக வேண்டும். என் மூன்று கிலோவுக்கு 23,000 கலோரி ஆகிறது. அறுவை சிகிச்சை முடிந்த முதல் வாரங்களில் நாளொன்றுக்குச் சில நூறு கலோரி இறங்குவதே பெரும்பாடு. பைபாஸ் என்பது வயிற்றின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துக் குடலோடு நேராக இணைக்கும் இன்னொரு வகை எடை குறைப்பு அறுவை சிகிச்சை. அதைச் செய்தவருக்கு வயிற்றுப் பை ஏறத்தாழ 30 மில்லி. ஸ்லீவ் செய்தவருக்கு 100 முதல் 150 மில்லி. அந்த இடத்துக்குள் நாலு நாளில் 23,000 கலோரியைக் கொட்ட யாராலும் முடியாது. முதல் வாரங்களில் திடீரென்று ஏறும் எடை கொழுப்பாக இருக்க வழியே இல்லை என்பதை இந்தக் கணக்கு ஒன்றே காட்டிவிடும்.

பிறகு அது என்ன? பெரும்பகுதி தண்ணீர். அறுவை சிகிச்சையின்போதும் அதற்கு அடுத்த நாளும் ட்ரிப்ஸ் வழியாகச் சில லிட்டர் திரவம் உடம்பில் ஏறுகிறது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. அறுவை சிகிச்சை உடம்புக்கு ஒரு பெரிய காயம். காயம் பட்ட உடம்பு உப்பையும் தண்ணீரையும் விடாமல் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கும். அதனால் ஏறிய திரவம் உடனே வெளியேறாது. முகம் உப்பியிருப்பது, மோதிரம் இறுகுவது, சாக்ஸ் தடம் பதிவது எல்லாம் இதன் அடையாளம். பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீராகப் போய்விடும்.

மூன்றாவது வாரத்தை ஒட்டி இன்னொன்று நடக்கிறது. எடை ஒரே இடத்தில் நிற்கும், சிலருக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறவும் செய்யும். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. ஏறத்தாழ அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு கட்டி வைத்திருக்கும். முதல் வாரப் பட்டினியில் இந்தச் சேமிப்பு கரையும்போது தண்ணீரும் சேர்ந்து போவதால்தான் எடை மளமளவென்று இறங்குகிறது. கூழ் போன்ற உணவுக்கு மாறியதும் சேமிப்பில் கொஞ்சம் திரும்ப நிரம்பும், தண்ணீரும் கூடவே வரும். கொழுப்பு அந்த நாட்களிலும் கரைந்துகொண்டேதான் இருக்கிறது. மெஷினுக்கு இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரியாது.

இவற்றோடு சின்னச் சின்னக் காரணங்களும் சேரும். வலி மாத்திரையாலும் குறைவாகத் தண்ணீர் குடிப்பதாலும் வரும் மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களின் நீர்க்கோர்ப்பு, பாக்கெட் சூப்பில் இருக்கும் உப்பு. இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களுக்கு, நீர்வற்றிப் போகக் கூடாது என்று அறுவை சிகிச்சையோடு அதை நிறுத்திவிடுவது வழக்கம். நிறுத்தியதும் அது வெளியேற்றிக்கொண்டிருந்த தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். எனக்கு நடந்தது பாதி இதுதான்.

எந்த ஒப்பீடும் தேவைப்படாத நிலைகள்

வழிகளை ஒப்பிடும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பொறுத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது.

மூச்சு வாங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, கூடவே இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி இரண்டு காலும் வீங்கியிருக்கிறது என்றால் இதயமோ சிறுநீரகமோ திணறுகிறது என்று பொருள் இருக்கலாம். ஒரே ஒரு கால் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் ரத்தக்கட்டி இருக்கலாம். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோள் வலி, நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு ஆகியவை வயிற்றை வெட்டித் தைத்த கோட்டில் கசிவு இருப்பதைக் காட்டலாம். இவை எதற்கும் போனில் ஆலோசனை கேட்டுக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

விடாமல் வாந்தி எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. தயமின் என்கிற பி1 வைட்டமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். அது தீர்ந்தால் கால் வீங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும். சில நாள் தாமதம்கூட நரம்பில் நிரந்தரச் சேதம் விட்டுச்செல்லலாம். இப்படிப்பட்டவருக்கு குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுக்கப்பட வேண்டும் என்பதால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதையும் எத்தனை நாளாக வாந்தி என்பதையும் போன உடனே சொல்லிவிடுங்கள்.

இவை எதுவும் இல்லை, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மெஷினில் எண் மட்டும் கூடியிருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

இன்னும் குறைத்துச் சாப்பிடுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எனக்கும் தோன்றியது. இவ்வளவு காலம் எடைக்காகக் குற்றம் சாட்டப்பட்டே வாழ்ந்தவருக்கு, எடை ஏறினால் தன் தட்டைத்தான் முதலில் சந்தேகிக்கத் தோன்றும். அந்த மனநிலையை நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன். ஆனால் முதல் மூன்று மாதத்தில் நாலு வழிகளில் மிக மோசமானது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஏறியது தண்ணீர் என்றால் உணவைக் குறைப்பதால் அது போகாது. குடிப்பதையும் சேர்த்துக் குறைத்தால் நீர்ச்சத்து வற்றும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டி வருவதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று அது. பெரும்பாலான குழுக்கள் நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதமும் குறைந்தது ஒன்றரை லிட்டர் திரவமும் சொல்கின்றன. அந்தப் புரதம் கிடைக்காவிட்டால் உடம்பு தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். தசை குறைந்தால் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறையும். ஓராண்டு கழித்து எடை இறங்காமல் நிற்பதற்கான விதையை முதல் மாதத்திலேயே நாமே விதைத்துவிடுகிறோம்.

இன்னொரு கெடுதலும் உண்டு. புரதம் மிகவும் குறைந்தால் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்து, தண்ணீர் ரத்தக் குழாயிலிருந்து திசுக்களுக்குள் கசியும். எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்து, அந்தப் பட்டினியாலேயே வீங்கி, மெஷினில் இன்னும் கூடுதலாகக் காண்பது நடக்கக்கூடியது. 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். அரைப்பட்டினியில் 24 வாரம் இருந்த அவர்களுக்குக் கணுக்காலிலும் முழங்காலிலும் நீர் கோத்தது. உள்ளே திசு கரைந்துகொண்டிருந்தபோதும் எடை அதே அளவுக்கு இறங்கவில்லை. போன திசுவின் இடத்தைத் தண்ணீர் மறைத்துக்கொண்டிருந்தது.

திரவ உணவுக்கு ஐந்து நாள் திரும்பிப் போனால் வயிறு மறுபடி சுருங்கிவிடும் என்று ஒரு பேச்சு நெடுநாளாகச் சுற்றுகிறது. வயிற்றின் அளவு அப்படிச் சுருங்குவதில்லை. வாரக்கணக்கில் கஷ்டப்பட்டுத் திட உணவு வரைக்கும் வந்தவர் திரும்பத் திரவத்துக்குப் போனால் பசிதான் கூடும். திரவம் சிறிய வயிற்றில் தங்காமல் இறங்கிவிடும் என்பதே காரணம்.

பொறுத்துப் பார்ப்பது

முதல் ஆறு வாரத்தில், உடம்பில் வேறு எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு நான் சொல்லும் முதல் வழி இது. ஆனால் பொறுத்துப் பார்ப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும், அந்தக் கெடுவுக்குள் சில விஷயங்களை எழுதி வைக்க வேண்டும். என் கெடு பத்து நாள் முதல் இரண்டு வாரம். அதற்குள் எண் திரும்ப இறங்கத் தொடங்கவில்லை என்றால் அழைக்க வேண்டும்.

என்ன எழுதுவது? குடித்த திரவத்தின் அளவு, புரதம் எத்தனை கிராம், மலம் கழித்த நாட்கள், மாதவிடாய் தேதி, சாப்பிடும் மாத்திரைகள். அப்புறம், வாரம் ஒருமுறை இன்ச் டேப்பால் இடுப்பு, வயிறு, தொடை அளவு. எடை நின்ற வாரங்களில் டேப் இறங்கிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள், நானும் பார்த்தேன். மூன்றாவது வாரம் மெஷின் அசையவில்லை, இடுப்பில் மட்டும் ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

தினமும் எடை பார்ப்பதா, வாரம் ஒருமுறையா என்பதில் இருவேறு கருத்து உண்டு. தினமும் பார்ப்பதில் நன்மை, ஆபத்தான திடீர் ஏற்றம் உடனே தெரியும். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் தினமும்தான் பார்க்க வேண்டும், மருத்துவரே அதைச் சொல்லியிருப்பார். மற்றவர்கள் வாரம் ஒருமுறை, அதே கிழமை, காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் குடிக்கும் முன் பார்த்தால் போதும். ஒரே நாளில் ஒன்று, ஒன்றரை கிலோ மேலும் கீழும் ஆடுவது யாருக்கும் நடப்பது. குணமாகிவரும் காலத்தில் அந்த ஆட்டத்தைத் தினமும் பார்த்து மனம் உடைவதால் எந்தப் பயனும் இல்லை. கொழுப்புச் சதவீதம் காட்டும் வீட்டு மெஷின்களை இந்த வாரங்களில் நம்பவே வேண்டாம். அவை மின்சாரம் தண்ணீரில் எப்படிப் பாய்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுபவை. உடம்பின் தண்ணீர் தாறுமாறாக இருக்கும்போது அவை காட்டும் எண்ணும் அப்படித்தான் இருக்கும்.

இந்த வழியின் குறை, தண்ணீர் என்று நினைத்தது வேறொன்றாக இருந்தால் நேரம் வீணாகும் என்பது. அதனால்தான் கெடு.

உடற்பயிற்சியைக் கூட்டுவது

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடப்பது முதல் நாளிலிருந்தே நல்லது, ரத்தக்கட்டி வராமல் காக்கிறது, மலச்சிக்கலுக்கும் உதவும். ஆனால் எடை ஏறிய பயத்தில் திடீரென்று பயிற்சியைக் கூட்டினால் தசைகள் வலித்து, அவையே தண்ணீர் பிடித்து, மெஷின் இன்னும் ஏறும். கனமானதைத் தூக்குவதை முதல் நாலு முதல் ஆறு வாரம் தவிர்க்கச் சொல்வார்கள். காயத்தின் வழியே குடலிறக்கம் வராமல் இருக்கத்தான் அது. எடைப் பயிற்சி பின்னால் கட்டாயம் வேண்டும், தசையைக் காப்பாற்ற அதைவிட நல்லது இல்லை. முதல் மாதத்தில் எடை ஏறியதற்கு மருந்தாக அதைக் கையிலெடுக்க வேண்டாம்.

குழுவை அழைப்பது

இதைத்தான் நாம் கடைசியாக வைத்திருக்கிறோம். வெட்கம் ஒரு காரணம். ஏமாற்றிச் சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் இன்னொன்று. அறுவை சிகிச்சைக்கு முன்பு எத்தனையோ முறை அப்படிப்பட்ட பார்வையைச் சந்தித்தவர்களுக்கு இந்தப் பயம் கற்பனை கிடையாது. ஆனாலும் நாலு வழிகளில் நாம் இழப்பது மிகக் குறைவு, கிடைப்பது மிக அதிகம் என்பது இதில்தான். இரண்டு வாரம் தனியாகத் தவிப்பதைவிடப் பத்து நிமிடம் போனில் பேசுவது மேல்.

யாரை அழைப்பது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. வலி, வாந்தி, வீக்கம், காயம் சம்பந்தமானது என்றால் சர்ஜன். உணவு, திரவம், மலச்சிக்கல், எடை நின்றுவிட்டது என்றால் டயட்டீஷியன். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, மனநலம் இவற்றுக்கான மாத்திரைகள் என்றால் அவற்றை எழுதிக்கொடுத்த மருத்துவர். இந்த மூன்றாவது அழைப்பைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். எதிர்பாராத எடை ஏற்றத்துக்குப் பல நேரம் விடை அங்கேதான் இருக்கிறது.

இன்சுலினும் சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரைகளும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை தாழும், தாழ்ந்தால் இனிப்பு சாப்பிட்டே ஆக வேண்டும், எடை ஏறும். ஸ்டீராய்டு தண்ணீரையும் பசியையும் கூட்டும். மிர்டஸபின், ஒலன்சபின் போன்ற மனநல மருந்துகளும் காபாபென்டின், ப்ரீகாபலின் போன்ற நரம்புவலி மருந்துகளும் எடை ஏற்றக்கூடியவை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால்சியமும் இரும்புச்சத்தும் புதிதாகத் தொடங்கியிருப்பார். அவற்றைச் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இடையில் நாலு மணி நேரம் விட வேண்டும். இதை யாராவது சொல்லும்வரை நம்மால் கண்டுபிடிக்கவே முடியாது. இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிலவற்றைச் சட்டென்று நிறுத்துவது எடை ஏறுவதைவிடப் பெரிய ஆபத்து.

பெண்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. எடை இறங்கத் தொடங்கியதும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. வருடக்கணக்கில் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தவர்கள் சில மாதத்திலேயே கருவுற்றது உண்டு. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை முன்போல உடம்பில் சேரும் என்று நம்ப முடியாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வதால், காரணம் தெரியாமல் எடை ஏறினால் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. கர்ப்பம் என்றால் வைட்டமின் அளவுகள் எல்லாம் உடனே மாற வேண்டும்.

மாதங்கள் போன பிறகு ஏறினால்

இங்கே கதை மாறுகிறது. மூன்று மாதத்துக்குப் பிறகு, வாரக்கணக்கில் மெதுவாக, டேப் அளவும் சேர்ந்து ஏறினால் அதைத் தண்ணீர் என்று ஒதுக்க முடியாது. ஒன்றரை, இரண்டு வருடத்தில் மிகக் குறைந்த எடையைத் தொட்டு, அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது மிகப் பலருக்கு நடக்கிறது. சுவீடனில் 1987இல் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஏறத்தாழ 2,000 பேரின் சராசரி எடை இரண்டு வருடத்தில் 23 சதவீதம் குறைந்திருந்தது. பத்தாம் வருடத்தில் அது 17 சதவீதம். இருபதாம் வருடத்தில் 18. கொஞ்சம் ஏறியது, பிறகு அங்கேயே நின்றது. கொஞ்சம் ஏறினாலே எல்லாம் போச்சு என்று பதறுகிறவர்களுக்கு இந்த எண்களை நான் எப்போதும் சொல்வேன்.

எவ்வளவு என்றால் கவலைப்படுவது? இறக்கிய எடையில் பத்தில் ஒரு பங்கு வரை திரும்பினால் கவனம் போதும் என்பது என் கருத்து. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் முதலில் டயட்டீஷியன், கூடவே ரத்தப் பரிசோதனை. இந்தக் கட்டத்தில் உணவை ஆராய்வது நியாயம்தான், ஆனால் அளவைவிட வகையைப் பாருங்கள். வயிற்றில் தங்காமல் வழுக்கி இறங்கும் பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட பானங்கள், மது ஆகியவற்றை எந்த அறுவை சிகிச்சையும் தடுப்பதில்லை. சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தாலும் உணவு சீக்கிரம் கீழே போய்விடும். பைபாஸ் செய்தவர்களில் சிலருக்கு, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து படபடப்பு வரும். அதைச் சரிசெய்ய இனிப்பு சாப்பிட்டு, மறுபடி தாழ்ந்து, மறுபடி இனிப்பு என்று ஒரு சுழலில் மாட்டிக்கொள்வார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வாய்க்கட்டுப்பாடு இல்லாதது போலத் தெரியும். அது ஒரு நோய்நிலை, சிகிச்சை உண்டு.

உணவைச் சரிசெய்தும் நிற்கவில்லை என்றால் மருந்தா, எண்டோஸ்கோப்பியா, மறு அறுவை சிகிச்சையா?

மருந்து இப்போது முதலில் பேசப்படுகிறது, அது சரியென்றே நினைக்கிறேன். பசியைக் குறைக்கும் லிராகுளுடைடு தினசரி ஊசி, செமாகுளுடைடு வார ஊசி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு போதிய எடை இறங்காத 70 பேரிடம் செய்து 2023இல் வெளியான பாரி-ஆப்டிமைஸ் ஆய்வில், 24 வாரத்தில் லிராகுளுடைடு எடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 8.8 சதவீதம் எடை குறைந்தது, மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 0.5 சதவீதம்தான். கத்தி இல்லை, வேண்டாமென்றால் நிறுத்தலாம். ஆனால் நிறுத்தினால் திரும்ப ஏறும். அறுவை சிகிச்சை செய்யாத பொதுமக்களிடம் செமாகுளுடைடை நிறுத்திப் பார்த்தபோது, ஒரு வருடத்தில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஏற்கெனவே சிறிய வயிறு உள்ளவருக்குக் குமட்டலும் வாந்தியும் வந்தால் புரதம் இன்னும் குறையும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். குணமாகிவரும் முதல் மாதங்களில் எடை ஏறியதற்காக யாரும் இதைத் தானாகத் தொடங்கக் கூடாது.

எண்டோஸ்கோப்பி வழி குறிப்பிட்ட ஒரு நிலைக்கு மட்டும். பைபாஸ் செய்தவருக்கு வயிற்றுப் பையும் குடலும் சேரும் வாய் அகன்றுவிட்டிருந்தால், வாய் வழியாகக் குழாய் விட்டுத் தையல் போட்டு அதைச் சுருக்கலாம். அகன்றிருக்கிறதா என்று பார்க்காமலே இதைச் செய்வதில் அர்த்தம் இல்லை.

மறு அறுவை சிகிச்சையை நான் கடைசியில் வைப்பேன். முதல் முறையைவிடச் சிக்கல்கள் அதிகம், இறங்கும் எடை பெரும்பாலும் முதல் முறையைவிடக் குறைவு. அதற்கு நல்ல காரணம் இருக்கும் நேரங்கள் உண்டு. பைபாஸில் ஒதுக்கிவைத்த பழைய வயிற்றுக்கும் புதிய பைக்கும் இடையே வழி ஏற்பட்டுவிட்டால் அதை அடைத்தாக வேண்டும். ஸ்லீவுக்குப் பிறகு மருந்துக்கும் அடங்காத நெஞ்செரிச்சல் இருந்து எடையும் ஏறினால், பைபாஸாக மாற்றுவது இரண்டுக்கும் சேர்த்து உதவும். இப்படி உடலமைப்பில் ஒரு காரணம் எக்ஸ்ரேயிலோ எண்டோஸ்கோப்பியிலோ தெரிந்தால் மட்டும் அந்தப் பேச்சைத் தொடங்கலாம். எடை ஏறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, எந்தப் படமும் எடுக்காமல் இன்னொரு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தால், இன்னொரு சர்ஜனிடமும் கருத்துக் கேளுங்கள்.

எனக்கு அந்த மூன்று கிலோ டயட்டீஷியனிடம் பேசிய எட்டாம் நாள் போயிருந்தது. திரவத்தை ஒன்றரை லிட்டருக்குக் கொண்டுவந்தேன், மலச்சிக்கலுக்கு மருந்து தந்தார்கள், ரத்த அழுத்த மருத்துவர் என் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இன்று இரவு யாராவது எடை மெஷினிலிருந்து இறங்கிக் கண்கலங்கி நின்றால், அவர் செய்ய வேண்டியது ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதுவது. அறுவை சிகிச்சை நடந்த தேதி, எத்தனை நாளில் எவ்வளவு ஏறியது, நேற்று குடித்த திரவம், கடைசியாக மலம் கழித்த நாள், நிறுத்திய மாத்திரையும் புதிதாகத் தொடங்கிய மாத்திரையும். காலையில் போன் செய்யும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.